கேள்வி – பதில்: வேலையை விட்ட கிராண்ட்மாஸ்டர்

கேள்வி: எங்கள் பாடசாலையில் செஸ் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. சென்னை ஆர்.பி. ரமேஷ் செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றும் ஏன் பயிற்சி கொடுக்க வந்தார், தானே ஆடிப் பெரிய ஆளாகியிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: ஆடி முடியாதவர்தான் சொல்லிக்கொடுக்க வருவார் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு, டியூஷன் மாஸ்டர்களையும் விட்டுவைப்பதில்லை. ரமேஷிடம் அது எடுபடாது டீச்சர். 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன், அடுத்த வருடம் கிராண்ட்மாஸ்டர், 2007இல் காமன்வெல்த் பட்டம். அப்புறம்தான், 2008இல், பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து செஸ் குருகுலம் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆர்த்தியும் லேசுப்பட்டவர் இல்லை, 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வென்றவர். ரமேஷிடம் படித்த பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, 2023 உலகக் கோப்பை இறுதியில் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனோடு மோதினான். அக்கா வைஷாலியும் இப்போது கிராண்ட்மாஸ்டர். இதைவிடப் பெரிய ஆளாவது எப்படி என்று பிள்ளைகளையே திருப்பிக் கேளுங்கள்.

ஆடுவதும் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு வேலை. ஆடுகிறவருக்கு நல்ல நகர்வு தெரிந்தால் போதும், பயிற்றுவிப்பாளருக்கு அந்தப் பிள்ளை ஏன் கெட்ட நகர்வை வைத்தது என்று தெரிய வேண்டும். உங்கள் மாணவி சும்மா கிடைத்த சிப்பாயைக் குதிரையால் வெட்டி, குதிரை வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டாள் என்று வையுங்கள். சரியான விடையைக் காட்டிவிடாதீர்கள். நகர்வுகளை எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து, "இதை வைக்கும்போது எதிராளி என்ன ஆடுவான் என்று நினைத்தாய்?" என்று கேளுங்கள். பார்க்கவே இல்லை என்பாள், அநேகமாக. அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. அதற்கு நீங்கள் கிராண்ட்மாஸ்டராக இருக்கத் தேவையில்லை. காய்களைத் தொடாமல் மனதுக்குள்ளேயே நாலைந்து நகர்வு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ரமேஷ் அழுத்திச் சொல்வதும் இதைத்தான்.

கேள்வி: கிராண்ட்மாஸ்டர் ஆக என்ன வேண்டும்?
– தரம் 8 மாணவன், ஹட்டன்

பதில்: ரேட்டிங் என்பது ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி; அதில் 2500ஐ ஒருமுறையாவது தொட வேண்டும், கூடவே பலமான போட்டிகளில் மூன்று நார்ம், அதாவது கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடினாய் என்பதற்கான தகுதி. நார்ம் கிடைக்க, பட்டம் பெற்ற பல நாட்டு ஆட்டக்காரர்களோடு ஆட வேண்டும் தம்பி, அதனால் செலவும் பயணமும் அதிகம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங் உள்ள ஒரு போட்டிக்குப் பெயர் கொடு.