சேலத்தில் அப்பா கட்டிய வீடு விலை போகாமல் இழுத்துக்கொண்டே போகிறது, இந்த மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

அம்மாபேட்டையில் இருக்கும் வீட்டை விலைக்குச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது, பார்க்க வருகிறவர்கள் வந்து போகிறார்களே தவிர விலை படியவில்லை, அண்ணன் தம்பிகளுக்குள் தினம் வாக்குவாதம், எனக்குத் தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் அம்மாபேட்டைதான். நெசவாளர் வீடு. முன்கூடத்தில் தறிக்குழி, தெற்கு பார்த்த வாசல், கார் நுழையாத சந்து. வாங்க வருகிறவர் முகம் சுளிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. இப்போது அது கைமாறிவிட்டது. ஆனால் கிரையம் ஆன அன்றுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வீடு விற்ற பணத்தை நம்பி எதையெல்லாம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் "வீடு போனதும் பாத்துக்கலாம்" என்ற பேச்சுதான். அண்ணன் இளம்பிள்ளையில் போட்டிருந்த விசைத்தறிக்கு வாங்கிய கடன், தங்கச்சி மகளின் கல்யாணம், அம்மாவின் கண்புரை, எல்லாம் அந்த ஒரு வீட்டின் கழுத்தில் தொங்கின. அதனால் பார்க்க வந்தவர் ஒருவர் வேண்டாம் என்று போனால், போனது ஒரு வீட்டு வியாபாரம் மட்டும் அல்ல. கடனும் கல்யாணமும் கண்ணும் ஒரே நேரத்தில் தள்ளிப் போயின. எப்படிப்பட்டவருக்கும் அது தாங்காது.

ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். அண்ணன் வங்கிக்குப் போய் கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டார். மொத்த வட்டி கூடும், ஆனால் மாதாமாதம் கட்டுவது அவருடைய தறி வருமானத்துக்குள் வந்துவிட்டது. கல்யாணத்தை வீட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், கையில் இருப்பதற்குள் அடக்கமாகச் செய்வது என்று தங்கச்சி வீட்டுக்காரர் முடிவெடுத்தார். அம்மாவின் கண்புரைக்கு வீடு விற்கக் காத்திருக்க வேண்டியதே இல்லை, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே அறுவை செய்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் வீடு விற்காமல்தான் இருந்தது. ஆனால் அண்ணன் ராத்திரியில் எழுந்து வாசலில் உட்கார்வது நின்றது. உங்கள் வீட்டிலும் எது நிஜமாகவே இந்தப் பணம் வந்தால்தான் நடக்கும், எது வேறு வழியில் நடக்கும் என்று பிரித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சில பேர் இந்த இடத்தில் போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதிலாக ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வீட்டை விடச் சொல்வார்கள். பணம் உடனே கைக்கு வரும், உண்மைதான். ஆனால் வாங்க ஆள் வரும்போது அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு காலியாகும். அந்தப் பணத்தைச் செலவு செய்துவிடாமல் வைத்திருக்க முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள். மாத வாடகைக்கு விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையான் ஏறும், ஓட்டில் தண்ணீர் இறங்கும், வந்து பார்க்கிறவருக்கும் மனசு ஒட்டாது.

அடுத்தது, பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி. "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்ங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன பிறகு வரும் நாட்கள்தான் இந்த விஷயத்திலேயே ரொம்பக் கொடுமையானவை. போன் அடிக்கும் போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வந்தவர் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிட்டால் பேசுவது, இல்லையென்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்வது. யார் வந்தார், என்ன கேட்டார் என்ற கதை எதுவும் அம்மாவுக்குப் போகக் கூடாது. அட்வான்ஸ் கைக்கு வந்து அக்ரிமெண்ட் எழுதுவது என்று நிச்சயமான பிறகுதான் அவரிடம் சொல்வது. தரகர்களிடம் பேசுவது நான் ஒருத்தி மட்டும். அண்ணனிடம் ஒரு விலை, தங்கச்சியிடம் ஒரு விலை என்று தரகர் கேட்டுக்கொண்டு போனால் வீட்டுக்குள் சண்டை வராமல் என்ன செய்யும்?

பிடித்திருக்கிறது என்று சொன்னவரே காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வீடு அல்ல, காகிதம். இது தெரிந்ததும் என் மனபாரம் பாதி இறங்கியது. சம்பளக்காரர் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரத்திலிருந்து பார்ப்பார், சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குக் கேட்பார், கட்டட அனுமதி வரைபடம் எங்கே என்பார். அந்தக் காலத்து வீட்டுக்கு வரைபடத்துக்கு எங்கே போவது? கடன் கிடைக்காது என்று தெரிந்ததும் அவர் கூச்சப்பட்டுக்கொண்டு போனை எடுக்க மாட்டார். நாம் இங்கே வீட்டுக்கு என்ன குறை, நமக்கு என்ன ராசி என்று யோசித்துக்கொண்டிருப்போம். ஆகவே வாங்குகிறவருக்கு முன்னால் நீங்களே ஒரு வக்கீலிடம் எல்லாக் காகிதத்தையும் கொடுத்து அபிப்பிராயம் எழுதி வாங்கிவிடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். மாநகராட்சிக்குள் இருக்கும் வீடு என்பதால் நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் வாரிசுச் சான்று வேண்டும், அம்மாவும் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில், அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மகன்களோடு சம உரிமை வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் அதற்கும் முன்பிருந்தே மகளுக்குச் சம பங்கு உண்டு. "தங்கச்சிங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி எந்த வக்கீலையும் திருப்திப்படுத்த முடியாது.

இந்தக் காகித வேலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆள் வருவது நம் கையில் இல்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போவது, சொத்து வரி பாக்கியைக் கட்டி ரசீது வாங்குவது, மின் இணைப்பின் பெயரை மாற்றுவது எல்லாம் நம் கையில் இருக்கிறது. காத்திருக்கிற மனதுக்கு இப்படி ஒரு வேலை ரொம்ப நல்லது.

இனி விலை. இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. ஃபேர்லேண்ட்ஸில் சதுர அடி இவ்வளவு போகிறது, சாரதா காலேஜ் ரோட்டில் அவ்வளவு போகிறது என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்வார்கள். சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதே தெருவில் சமீபத்தில் பத்திரம் ஆனது என்ன விலைக்கு என்று விசாரியுங்கள். அதைவிட ஆபத்தானது முன்பு ஒருவர் கேட்டுவிட்டுப் போன விலை. அண்ணன் மனதில் அப்படி ஒரு விலை உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, மனித மனமே அப்படித்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் 1990-களின் வீட்டு விற்பனையை டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட விலையைக் கூட்டிச் சொன்னார்கள், அவர்களுடைய வீடுகள் விற்காமல் அதிக நாள் கிடந்தன. பாஸ்டன்காரருக்கும் அம்மாபேட்டைக்காரருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

வாங்குகிறவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அவருக்கு 9 சதவீதம். நாற்பது லட்சத்துக்கு வாங்கினால் மூன்று லட்சத்து அறுபதாயிரம் தனியாக வேண்டும். அதனால்தான் அவ்வளவு பேரம். பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பவரும் வருவார். வேண்டாம். வீட்டுக் கிரையத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். ஏற்கெனவே தூக்கம் இல்லாத வீட்டில் அந்தப் பயமும் எதற்கு?

பங்கு பிரிப்பதை விற்ற பிறகு பேசுவோம் என்று விடாதீர்கள். ஒரு ஆடிட்டரிடம் வரியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி, அதாவது விற்றதில் வரும் லாபத்துக்கான வரி, 12.5 சதவீதம். அதற்கு முன்பே வாங்கிய வீட்டுக்குப் பழைய முறையில், விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதம் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். தரகர் கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இதெல்லாம் போக ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகு, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற ஒரு விலையை எல்லோரும் சேர்ந்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு வந்த பிறகு விலையைப் பற்றிய சண்டை வரவே இல்லை. ஆள் வந்தால் நோட்டைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

அம்மா இருந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அவர் முன்னாலேயே "இதை இடிச்சுட்டுத்தான் கட்டணும்", "இந்தக் குழிய மூடணும்" என்பார்கள். அப்பாவும் அம்மாவும் அந்தக் குழியில் கால் வைத்துப் பட்டு நெய்துதான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். ஆள் வருகிற நேரத்தில் அம்மாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தோம். தறியை விலை பேசாமல், அவருக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்கு அவர் கையாலேயே கொடுக்கச் சொன்னோம். எங்களுக்கு அது சின்ன விஷயம். அம்மாவுக்கு வீட்டைக் கொடுக்கிற மனசே அதற்கு அப்புறம்தான் வந்தது.

"என்ன, வீடு இன்னும் போகலையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "பாத்துட்டு இருக்கோம்ங்க." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாசல் சரியில்லை, வாஸ்து சரியில்லை என்று சுவரை உடைக்கச் சொல்லிக் காசு கேட்பவரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மா ஆசைப்பட்டால் அதற்குக் கூடவே போங்கள், அது வேறு.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு வாங்க வருவதில்லை. அந்த மாதங்களில் தரகர்களிடம் சொல்லிப் போர்டைக் கழற்றிவிடுங்கள். ரொம்ப நாளாகக் கிடக்கிற வீடு, ஏதோ வில்லங்கம் என்ற பேச்சும் கொஞ்சம் அடங்கும், உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். நானும் அண்ணனும் அந்த நாட்களில் சாயங்காலம் மூக்கனேரிக் கரையில் நடப்போம். வீட்டைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் திரும்ப வந்தது அங்கேதான்.

கடைசியில் எங்கள் வீட்டை வாங்கியது அதே தெருக்காரர், மகனுக்காக. சந்தும் வாசலும் அவருக்குப் பழக்கம், வங்கிக் கடனும் தேவைப்படவில்லை. நோட்டில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது, முதலில் சொன்ன விலையைவிடக் குறைவு. பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான் ஆள். கௌரவம் பார்க்காமல் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

தூக்கம் இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரக்கணக்கில் அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், 2022-இல் அரசு தொடங்கியது. வீட்டுப் பிரச்சினைக்கெல்லாம் அங்கே கூப்பிடலாமா என்று தயங்க வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பதிவேடு இப்போது யார் பெயரில் இருக்கிறது, அப்பா உயில் ஏதாவது எழுதினாரா என்று எழுதுங்கள். எங்களுக்கு எந்தக் காகிதம் எங்கே கிடைத்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முதலில் எதற்கு அலைய வேண்டும் என்று சொல்கிறேன்.