எல்.கே.ஜி.க்குப் போகும் முன்பே வாசிக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

என் மகனுக்கு நாலு வயது. கடை போர்டு, பஸ் போர்டு, கதைப்புத்தகம் எல்லாம் தமிழில் வாசிக்கிறான். ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். ஒரு மாதமாக ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்தான். "ஸ்கூல்ல ஒண்ணுமே சொல்லித் தரல" என்று அழுகிறான். யு.கே.ஜி.க்கு மாற்றச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

மாற்றச் சொல்லாதீர்கள். வாசிப்பில் அவன் முன்னால் இருக்கிறான், சரி. ஆனால் யு.கே.ஜி. பிள்ளைகள் மற்ற எல்லாவற்றிலும் அவனைவிட ஒரு வருடம் பழகியவர்கள். நாலு கோடு நோட்டில் அரைப் பக்கம் எழுதுவது, டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூடுவது, பாத்ரூம் போகணும் என்று மிஸ்ஸிடம் வாய்விட்டுக் கேட்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது எல்லாம் அங்கே தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் தினமும் திணறும் பிள்ளைக்குப் பள்ளியே வெறுத்துப்போகும்.

அந்தக் கோடுகள் காரணத்தோடுதான் முதலில் வருகின்றன. 'ட' என்பது ஒரு நிற்கும் கோடும் ஒரு படுக்கும் கோடும்தான். இன்னொரு நிற்கும் கோடு சேர்ந்தால் 'ப'. 'அ' எழுதச் சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நிற்கும் கோடு நாலும் வேண்டும். பல பள்ளிகளில் 'அ'வுக்கு முன் ட, ப, ம எழுதவைப்பது இதனால்தான். இதை அவனிடமே சொல்லுங்கள்: "உன் கண்ணுக்கு எழுத்து தெரியும். கைக்கு இன்னும் தெரியாது. கைக்குத்தான் மிஸ் இப்ப சொல்லித் தர்றாங்க." நாலு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

மிஸ்ஸிடம் பேசத்தான் வேண்டும். சேர்ந்த முதல் மூன்று, நாலு வாரங்களில் அழும் பிள்ளைகளைத் தேற்றுவதே அவருக்குப் பெரும்பாடு. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்துக் கேட் நெரிசலில் பேசாமல் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் போங்கள். "போரடிக்குதாம்" என்று ஆரம்பித்தால், அவர் பாடத்தைக் குறை சொல்வதாகத்தான் காதில் விழும். அவன் வாசிக்கும் புத்தகம் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, ஒரே ஒரு உதவி கேளுங்கள்: கொடுத்த வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பையிலிருந்து புத்தகம் எடுத்துப் பார்க்கலாமா? பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். இன்னொன்றையும் மென்மையாகச் சொல்லிவையுங்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் 'குட்டி மிஸ்'ஸாக அவனை ஆக்க வேண்டாம். இரண்டே வாரத்தில் தோழர்கள் விலகிப்போவார்கள்.

மகள் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிறாள். மனப்பாடமா, உண்மையான வாசிப்பா?
- ஒரு வாசகர், மதுரை

படம் இல்லாத துண்டுத்தாளில் அவள் இதுவரை பார்க்காத சொற்களை எழுதிக் கொடுங்கள். 'மொட்டு', 'கோபம்' போன்றவை இதற்கு நல்லவை. இவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கும். எழுத்துக்கூட்ட இன்னும் பழகாத பிள்ளை 'மெ' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும். 'டொபி', 'முகேடு' என்று பொருளில்லாத சொற்களையும் கலந்துவையுங்கள். இவற்றை ஊகித்துச் சொல்ல முடியாது. இதிலெல்லாம் தேறினால் அது வாசிப்புதான்.

அடுத்தது 'க'. 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. 'மகன்' என்பதை முதலில் 'மக்கன்' போல் வாசித்து, தானே திருத்திக்கொண்டால் மிக நல்ல அறிகுறி. எழுத்தைத் தனக்குத் தெரிந்த பேச்சோடு பொருத்திப் பார்க்கிறாள் என்று பொருள்.

வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டுப் பேச்சில் கதை சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இது கூடுதலாகவே அவசியம். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று பிழையில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு, அது 'வந்துட்டிருக்கான்'தான் என்று தெரியாமலே இருக்கலாம். அப்படியிருந்தால் வருந்த வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டும் நேரத்தைக் கூட்டுங்கள், போதும்.

நன்றாகப் படிக்கிற பையன், எழுதச் சொன்னால் பென்சிலை வீசுகிறான். சோம்பேறித்தனமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

இல்லவே இல்லை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். நாலு வயதில் பாதி வேலை பாக்கி. அதோடு, நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு அச்சு எழுத்து எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். தன் எழுத்து அதுபோல் வரவில்லை என்பதும் தெரிகிறது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு மாதம் வீட்டில் பென்சிலை எடுக்காதீர்கள். தினம் கால் மணி நேரம் கைவேலை கொடுங்கள்: சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டுவது, கொடியில் துணிக் கிளிப் மாட்டுவது, பட்டாணி உரிப்பது. பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டு போகும்போது, பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள் உழைக்கின்றன. கிரேயானை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் உள்ளங்கையால் மடக்கிப் பிடிப்பான். துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். எழுதும்போது முதலில் மணல் பரப்பிய தாம்பாளத்தில் விரலால், பிறகு சிலேட்டில், கடைசியாகத்தான் நோட்டில்.

பள்ளியில் மெதுவாகப் போவதால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வீட்டில் இப்போதே நடத்தலாமா?
- ஒரு வாசகர், ஆவடி

கூடாது. அடுத்த வருடமும் அவனுக்குத் தெரிந்த பாடமே வரும், சலிப்பு இரட்டிப்பாகும். பாடத்தில் முன்னே ஓடாமல் பக்கவாட்டில் அகலப்படுத்துங்கள்: விடுகதை, எறும்பு பற்றிய புத்தகம், ஊர் வரைபடம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுக்கு வந்தவுடன் ஆரம்பிக்காதீர்கள். காலை முழுக்க அடக்கி உட்கார்ந்த பிள்ளை அப்போதுதான் வெடிக்கும். சாப்பாடு, ஒரு மணி நேர ஆட்டம், பிறகு புத்தகம். "இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "பக்கத்துல யார் உட்கார்ந்தா? அவ டிபன் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றரை வயதுப் பேரன் எதையும் வாசித்துவிடுகிறான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. பெருமைப்படுவதா, கவலைப்படுவதா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, தானாக இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா என்று கவனியுங்கள் அம்மா. இவை குறைவாக இருந்து வாசிப்பு மட்டும் ஓங்கி நின்றால், குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது, அவன் வாசிப்பதையும் வீட்டாரோடு விளையாடுவதையும் போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காமல் போகலாம்.