ஓசையின்றி ஓடும் ரிட்டர்ன் பம்பு: மீன் தொட்டி வைத்திருப்போரின் கேள்விகளும் பதில்களும்

தொட்டியிலிருந்து வழிந்து கீழே உள்ள துணைத் தொட்டியான சம்பில் இறங்கும் நீரைத் திரும்ப மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்பு. குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர்கூட இடையிடையே நின்று ஓடுகிறது. இந்தப் பம்போ ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடுகிறது. அதனால்தான் இதன் வாட்டைப் பற்றியும் இரைச்சலைப் பற்றியும் இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக நன்னீரும் கடல்நீருமாகத் தொட்டிகள் வைத்திருப்பவன், அவற்றில் முதல் மூன்று ஆண்டுகளைப் பம்பு மாற்றுவதிலேயே கழித்தவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, நான்கு அடித் தொட்டி ஒன்றைச் சம்புடன் அமைக்கிறேன். மணிக்கு 3,000 லிட்டர் பம்பு போதும் என்று ஒருவரும், 5,000 லிட்டர் வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, நீரைச் சிறிதும் மேலே ஏற்றாமல், குழாய் எதுவும் மாட்டாமல் ஓட்டும்போது கிடைப்பது. அதே பெட்டியில் இருக்கும் அதிகபட்ச உயரம் என்பது, ஒரு சொட்டு நீரும் வெளியே வராமல் குழாயில் நீர் நின்றுவிடும் உயரம். உங்கள் வீட்டில் பம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில்தான் ஓடப்போகிறது. அது எந்த இடம் என்பதை உயரத்துக்கு எதிராக நீரோட்டத்தைக் காட்டும் வளைகோடு சொல்லும். நல்ல தயாரிப்பாளர்கள் அதைக் கையேட்டிலேயே அச்சிடுகிறார்கள். வளைகோடு தராத பம்பை நான் வாங்குவதில்லை.

உங்கள் தொட்டியை 120 × 45 × 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 270 லிட்டர். சம்பின் வழியாக மணிக்கு ஐந்து சுற்று என்பது தாராளமான அளவு. ஆக, 1,350 லிட்டர் வேண்டும், 1,500 என்றே கொள்வோம். அடுத்தது உயரம். பலரும் பம்பு இருக்கும் இடத்திலிருந்து மேல்தொட்டி வரை அளக்கிறார்கள், அது தவறு. சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். வழக்கமான ஸ்டாண்டில் இது 1.1 மீட்டர் அளவில் இருக்கும்.

இதனுடன் குழாயின் உராய்வையும் சேர்க்க வேண்டும், பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மணிக்கு 1,500 லிட்டரை ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் செலுத்தினால், உராய்வு மட்டுமே நீரை இன்னொரு ஒன்றரை மீட்டர் ஏற்றுவதற்குச் சமமான சுமையாகிவிடும். அதே நீளத்தில் ஓர் அங்குலக் குழாய் போட்டால் அந்தச் சுமை 6 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது, ஏனெனில் ஒரே நீரோட்டத்துக்கு விட்டம் பாதியானால் உராய்வு ஏறத்தாழ முப்பது மடங்கு ஏறும். பம்பின் வாய் அரை அங்குலமாக இருந்தாலும், அந்த வாயைத் தாண்டிய உடனே குழாயைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பான எல்போ ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும்; வளைத்துக் கொண்டுபோகக்கூடிய ஹோஸ் இருக்கும்போது நான்கு எல்போ போடாதீர்கள்.

இப்படி அமைத்தால் மொத்தச் சுமை 1.4 மீட்டரைத் தாண்டாது. அந்த உயரத்தில் 1,500 லிட்டர் தரும் பம்பை வளைகோட்டில் பாருங்கள். அதிகபட்ச உயரம் 3 மீட்டரும் பெட்டிக் கணக்கு 2,700 முதல் 3,000 லிட்டரும் உள்ள பம்புகள் இதற்குப் பொருந்தும். அரை அங்குலக் குழாயையே வைத்துக்கொள்வதாக இருந்தால்தான் உங்களுக்கு 5,000 லிட்டர் பம்பு தேவைப்படும். அந்தக் குழாயின் தண்டத்தை மாதந்தோறும் மின்வாரியத்துக்குக் கட்டுவீர்கள்.

கேள்வி (கோவை): எஹைம் 1260 என்ற பம்பு 65 வாட்டில் 2,400 லிட்டர், சிச்சே சின்க்ரா 3.0 என்பது 45 வாட்டில் 2,700 லிட்டர். இரண்டாவதுதான் சிக்கனம் என்று சொல்லிவிடலாமா?

உங்கள் உயரத்துக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம், ஆனால் பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது. முதலாவதன் அதிகபட்ச உயரம் 3.7 மீட்டர், இரண்டாவதன் உயரம் 3 மீட்டர். சம்பைக் கீழ்த்தளத்தில் வைத்து மேல்தளத்தில் தொட்டி வைத்திருப்பவருக்கு இரண்டாவது பம்பு ஒரு குவளை நீரும் தராமல் போகலாம். ஸ்டாண்டுக்குள்ளேயே சம்பு உள்ளவருக்கு முதலாவதன் கூடுதல் அழுத்தம் வீண். நீங்கள் வகுக்க வேண்டியது, உங்கள் உயரத்தில் வரும் லிட்டரை வாட்டால். பெட்டியில் உள்ள லிட்டரை அல்ல.

ஒரு வேடிக்கையான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 1,500 லிட்டர் நீரை 1.4 மீட்டர் ஏற்றுவதற்கு இயற்பியலின்படி 6 வாட்டுக்கும் குறைவான ஆற்றல் போதும். நாம் அந்த வேலைக்கு 25 முதல் 45 வாட் வரை செலவழிக்கிறோம். சிறிய பம்புகளின் இயல்பே இதுதான் என்பதால், அவற்றுள் சற்றே திறமையானதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு வாட்டும் அறுபது நாளில் 1.44 யூனிட். 65 வாட் பம்புக்குப் பதில் 25 வாட் பம்பு போதுமானால், இருமாதக் கணக்கில் 57 யூனிட்டுக்கு மேல் குறையும். நுகர்வு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும் நம் கட்டண முறையில், அந்த 57 யூனிட்டும் மேல்படியில், அதிக விலையில் விழுபவை. யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால்கூட ஆண்டுக்கு 2,100 ரூபாய் ஆகிறது.

கேள்வி (வேளச்சேரி): டிசி பம்புகள் சத்தமே போடாது என்கிறார்கள். விலை இரு மடங்காக இருக்கிறதே, தகுமா?

ஏசி பம்பில் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு நேரடியாகக் காந்தச் சுழலியை இழுக்கிறது. அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதனுடன் பிறந்தது, முற்றிலும் நீக்க முடியாதது. டிசி பம்பில் கண்ட்ரோலர் சுருள்களுக்கு மின்சாரத்தை முறைவைத்து மென்மையாகக் கொடுப்பதால் அந்த ரீங்காரம் பெரிதும் இல்லை. எல்லா டிசி பம்பும் அப்படியல்ல. மலிவானவற்றில் மெல்லிய கீச்சொலி கேட்கும். அது சிலர் காதுக்கு எட்டாது, சிலரைத் தூங்கவிடாது. தொட்டி படுக்கையறையில் இருந்தால் டிசி தகும். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் நல்ல ஏசி பம்பே போதும் என்பது என் எண்ணம். அதில் கெட்டுப்போவதற்கு அடாப்டரும் இல்லை, கண்ட்ரோலரும் இல்லை.

வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மிகப் பெரிய டிசி பம்பை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. வேகத்தை 70 சதவீதமாக்கினால் நீரும் 70 சதவீதம் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பம்பு ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறைவதால், 3 மீட்டர் பம்பு 70 சதவீத வேகத்தில் ஒன்றரை மீட்டர் பம்பாகிவிடுகிறது, 1.4 மீட்டர் சுமையில் அதிலிருந்து நீர் கசியும், பாயாது. தேவையைவிட ஓரளவு மட்டும் பெரியதாக வாங்கி, 80 அல்லது 90 சதவீதத்தில் ஓட்டுங்கள். மின்செலவு வேகத்தின் மும்மடிப்படி குறைவதால், அந்தச் சிறிய குறைப்பே மீட்டரில் நன்றாகத் தெரியும்.

கேள்வி (மதுரை): அண்ணா, பம்பு புதியது, விலை உயர்ந்தது. ஆனாலும் இரவில் கூடத்தில் உட்கார முடியவில்லை. பம்பை மாற்றிவிடட்டுமா?

தம்பி, மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீடு அடங்கிய பிறகு பம்பை மட்டும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் குற்றவாளி பம்பு. களகளவென்ற ஒலி கொஞ்ச நேரம் தொடர்ந்து மெல்ல அடங்கினால், அது தொட்டி நீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் நீரும் காற்றும் சேர்ந்து விழும் ஒலி. எத்தனை ஆயிரம் கொடுத்துப் பம்பு வாங்கினாலும் அது போகாது. என்னிடம் யோசனை கேட்டவர்களில் பாதிப்பேரின் வீட்டில் இதுதான் கதை.

வடிகுழாயின் ஒலியைத் தீர்க்க, காற்றே புகாமல் முழுக் குழாயும் நீரால் நிரம்பி ஓடும்படி ஒரு கேட் வால்வைக் கொண்டு அடக்கி, அது அடைத்துக்கொண்டால் காப்பாற்றச் சற்று உயரத்தில் வெறும் குழாய் ஒன்றையும் வைக்கும் முறை உண்டு. ஹெர்பி முறை என்பார்கள். இரண்டாவது குழாய் இல்லாமல் முதல் குழாயை அடக்கினால், ஒரு நத்தை அடைத்த அன்று கூடம் முழுவதும் வெள்ளம்தான்.

குற்றவாளி பம்பேதான் என்றால், அதன் அதிர்வு எதன் வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். பம்பின் உடல் சம்பின் கண்ணாடியைத் தொடக் கூடாது. அடியில் சிலிக்கோன் காலோ, அழுத்தமான ஸ்பாஞ்சுத் துண்டோ வேண்டும். பம்பின் வாயிலிருந்து நேராகப் பிவிசி குழாய் ஏறினால், அந்தக் குழாய் அதிர்வை ஸ்டாண்டின் பலகைக்குக் கொண்டுபோகும். பலகை அதைப் பெரிதாக்கி அறைக்குத் தரும், வீணையின் குடம் செய்கிற வேலையைப் போல. இடையில் ஒரு சாண் நீளத்துக்கு மென்மையான சிலிக்கோன் ஹோஸ் கொடுத்தால் அந்தப் பாலம் அறுந்துவிடும். சம்பில் பம்பு இருக்கும் அறையின் நீர்மட்டத்தையும் கவனியுங்கள். ஆவியாகி மட்டம் இறங்கியதும் நீர்ச்சுழி உண்டாகிக் காற்று உள்ளே போகும். அப்போது கேட்கும் கரகரப்பைப் பம்பின் கோளாறு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (சேலம்): ஏர் கூலரில் போடும் பம்பு மிக மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். கோடையில் சில மணி நேரம் ஓடுவதற்கானது அது. ஆண்டு முழுவதும் ஓடினால் இரைச்சலும் கசிவும் வரும். தண்டு உலோகமாக இருந்தால் கடல்நீர்த் தொட்டியில் துருப்பிடித்து நீரையும் கெடுக்கும். நீருக்குள் கை விடும் சாதனத்தில் மின்காப்பு விஷயமாகச் சமரசமே கூடாது. எந்தப் பம்பாக இருந்தாலும் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகவே இணைப்புக் கொடுங்கள்; நீர் வழிந்து பிளக்கை எட்டாதபடி, ஒயரைப் பிளக்கைவிடத் தாழத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மின்வெட்டின்போது சம்பு நிரம்பி வழிந்துவிட்டது. திரும்பாத வால்வு போட்டால் சரியாகுமா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

பம்பு நின்றதும், மேலே உள்ள ரிட்டர்ன் வாய் நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீரும் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கும். நான்கடித் தொட்டியில் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். அதை 2 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் 11 லிட்டருக்கும் குறைவு. திரும்பாத வால்வில் சுண்ணாம்பும் பாசியும் படிந்து, தேவைப்படுகிற அன்று அது மூடாமல் நிற்கும். நீரோட்டத்தையும் எப்போதும் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருக்கும். வாயை உயர்த்துங்கள். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து இறக்கம் நிற்கும்படி, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டு, அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பில் காலியிடம் விடுங்கள். பிறகு மின்சாரத்தை நீங்களே அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி பம்பு உறுமும், சூடேறும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. நீண்ட மின்வெட்டுள்ள ஊர்களில், ரிட்டர்ன் பம்பை நிறுத்திவிட்டுப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை மட்டும் வைத்தாலே மீன்கள் தாங்கும்.

கேள்வி (திருவொற்றியூர்): என்னுடையது பவளத் தொட்டி. கோடையில் நீர் 30 பாகையைத் தாண்டுகிறது. பம்பின் சூடும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். நீரில் மூழ்கி ஓடும் பம்பு இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக நீரில்தான் முடிகிறது. 40 வாட் ஒரு நாள் முழுவதும் 200 லிட்டர் நீருக்குப் போய், வெப்பம் எங்கும் வெளியேறாமல் இருந்தால் 4 பாகை ஏற்றும். உண்மையில் பெரும்பகுதி காற்றில் கலைந்துவிடும் என்றாலும், நீரைக் குளிர்விக்கும் உங்கள் சில்லர் அந்தச் சுமையையும் சேர்த்தே இழுக்கிறது. ஆகவே உங்களைப் போன்றவருக்குப் பம்பில் மிச்சமாகும் வாட் சில்லரிலும் மிச்சமாகும். வெளியே வைக்கும் பம்பு சூட்டைக் காற்றில் விடும். ஆனால் விசிறி வைத்த வகைகள் இரைச்சலானவை, இணைப்பு கசிந்தால் நீர் தரைக்கு வரும். பவளத்துக்கு வேண்டிய அலையை ரிட்டர்ன் பம்பிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். உயரம் ஏற்ற வேண்டிய வேலை இல்லாததால், தொட்டிக்குள்ளேயே நீரை அலையாகத் தள்ளும் வேவ்மேக்கர் சில வாட்டிலேயே பல ஆயிரம் லிட்டர் நீரை நகர்த்திவிடும்.

கேள்வி (ஈரோடு): எட்டு மாதம் அமைதியாக ஓடிய பம்பு இப்போது கடகடக்கிறது. எங்களுடையது போர் தண்ணீர். புதிது வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. உங்கள் நீரின் சுண்ணாம்பு, நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் காந்தத்திலும் அது உட்காரும் குழியிலும் படிந்து, சுழலிடத்தைக் குறுக்கியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துப் பம்பை வெளியே எடுத்து, முன்மூடியைத் திறந்து, இம்பெல்லரைப் பக்கவாட்டில் சாய்க்காமல் நேராக உருவுங்கள். உள்ளே உள்ள பீங்கான் தண்டு சாய்த்தால் ஒடிந்துவிடும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பாகங்களை அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் கழுவி மாட்டுங்கள். அதன் பிறகும் கடகடத்தால் தண்டையும் அதன் இருமுனை ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள்; தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்பதைப் பம்பு வாங்கும் அன்றே கடையில் கேட்டு, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரை போகிறவர்கள் ஒரு செட் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் புஷ் தேய்வதும் கடைக்கு விடுமுறை வருவதும் பெரும்பாலும் ஒரே நாளில்தான் நேர்கின்றன.