தைரோகுளோபுலின் கூடினால் நோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: என் உம்மாவுக்கு 58 வயது. மூன்று வருடங்களுக்கு முன் பப்பிலறி வகைத் தைரொயிட் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டு, கதிரியக்க அயடீனும் கொடுக்கப்பட்டது. கடந்த வருடம் மட்டக்களப்பில் தைரோகுளோபுலின் 0.4 என வந்தது. இம்முறை நானா வீட்டுக்குக் கொழும்பு சென்றபோது அங்கே பார்த்தோம், 1.1 என்கிறது. வீட்டில் எவருக்கும் நித்திரையில்லை. கல்சிற்றோனினும் பார்க்க வேண்டுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டதென்று எந்த வைத்தியரும் கூறமாட்டார். அதற்காக 1.1 என்பதை அலட்சியம் செய்யவும் கூடாது.

தைரோகுளோபுலின் என்பது தைரொயிட் கலங்களும், அவற்றிலிருந்து தோன்றும் பப்பிலறி, பொலிக்குலர் வகைப் புற்றுக்கலங்களும் மட்டுமே உண்டாக்கும் புரதம். சுரப்பி அகற்றப்பட்டு அயடீனும் பெற்றவர், தைரொக்சின் மாத்திரை எடுத்துவரும் நிலையில், அது மில்லிலீற்றருக்கு 0.2 நானோகிராமுக்குக் கீழ் இருப்பதே மிக நல்ல நிலை. 1-ஐத் தாண்டினால் காரணம் தேடவேண்டும். ஆனால் ஒரே இரத்தத்தை இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினாலும், அவை பயன்படுத்தும் முறை வேறானால் விடையும் வேறாக வரலாம். மட்டக்களப்பு எண்ணையும் கொழும்பு எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் உள்ள முதற்சிக்கல் இதுதான்.

அடுத்தது ரி.எஸ்.எச்., அதாவது தைரொயிட் கலங்களைத் தூண்டும் ஹோர்மோன். தைரொக்சின் போதாவிட்டால் அது உயரும். அது உயர்ந்தால் எஞ்சியிருக்கும் கலங்கள் தூண்டப்பட்டுத் தைரோகுளோபுலினும் உயரும். உம்மா மாத்திரையைத் தவறவிட்டாரா, நோன்பு மாதத்தில் ஸஹர் உணவோடு சேர்த்து விழுங்கினாரா என்று கேட்டுப் பாருங்கள். உணவோடும் பால்தேநீரோடும் எடுத்தால் தைரொக்சின் சரிவர உறிஞ்சப்படாது.

மூன்றாவதையே நான் மிக அழுத்திச் சொல்வேன். இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நால்வர் அல்லது ஐவரில் ஒருவரின் இரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருக்கும். இருந்தால், வழமையான பரிசோதனை உண்மையைவிடக் குறைந்த எண்ணையே காட்டக்கூடும். ஆகவே பிறபொருளெதிரி அளவு இல்லாத அறிக்கை, எண் குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும், பாதி அறிக்கைதான். அத்தகையவர்களில் பிறபொருளெதிரி காலப்போக்கில் குறைகிறதா, ஏறுகிறதா என்பதையே ஓர் அடையாளமாகக் கொள்வார்கள். தலைமுடி உதிர்கிறதென்று பயோற்றின் என்ற விற்றமின் மாத்திரை எடுப்பவர்கள், அதுவும் சில பரிசோதனைகளைக் குழப்புமென்பதால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் நிறுத்தவேண்டும்.

கல்சிற்றோனின் உம்மாவுக்குத் தேவையில்லை. அதுவும் சீ.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் மெடுலறி என்ற வேறொரு வகைத் தைரொயிட் புற்றுநோய்க்கானவை. அவ்வகை, தைரொயிட்டிலேயே உள்ள சீ-கலங்கள் என்ற வேறுவகைக் கலங்களிலிருந்து தோன்றுவது, தைரோகுளோபுலினைச் சுரக்காதது.

இனி, உங்கள் வைத்தியரிடம் கேட்டு, முன்பு பார்த்த அதே மட்டக்களப்பு ஆய்வுகூடத்தில், ஒரே தடவை எடுக்கும் இரத்தத்தில் தைரோகுளோபுலின், அதன் பிறபொருளெதிரி, ரி.எஸ்.எச். மூன்றையும் பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த எல்லா அறிக்கைகளையும் திகதி வரிசையில் அடுக்கிக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். ரி.எஸ்.எச். மாறாதிருக்க, ஒரே முறையில் எடுத்த எண்கள் தொடர்ந்து ஏறினால், குறிப்பாக ஒரு வருடத்துக்குள் இரட்டித்தால், நோய் வளர்கிறதென்று ஐயுற வலுவான காரணமுண்டு. அப்போது கழுத்து ஸ்கானும், தேவையானால் வேறு படங்களும் எடுத்து இடத்தைத் தேடுவார்கள். கழுத்தில் புதிய கட்டியோ குரல் மாற்றமோ தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிச் செல்லுங்கள்.