அவளுக்காகத்தான் ஓடுகிறேன், அவளோ அழுகிறாள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 41 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. பகலில் ஏர்கோண்ட் பழுதுபார்க்கும் வேலை. இரவு ஒரு மணி வரை கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வீட்டுக் கடன் மாதம் 1,350 வெள்ளி, கார் 620 வெள்ளி, கிரெடிட் கார்டில் இன்னும் 9,000 வெள்ளி பாக்கி. அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தை விற்றபோது குடியிருந்த வீட்டையும் இழந்தோம். என் மனைவிக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் உழைக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் தைப்பிங்கில் மாமியார் இறந்தபோது அடக்கச் செலவில் பாதியை நானே கொடுத்தேன்.

போன வாரம் சபையில் போதகர், புருஷன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டும் என்று பிரசங்கித்தார். வீட்டுக்கு வந்ததும், "அதைத்தானே நான் செய்கிறேன்" என்றேன். "உங்க பணம் வருது, நீங்க வரலியே" என்று அழுதாள். கோபத்தில், "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள் என்றும்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை. இதற்கு மேல் நான் என்ன தியாகம் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தம்பி, நடுராத்திரி வரை வண்டி ஓட்டுகிறவரை அன்பில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கடனுக்கெல்லாம் தொகை எழுதியிருக்கிறீர்கள். மாமியார் மறைவுக்கு ஒரே வரி, அதுவும் செலவுக் கணக்கோடு. அம்மா போனபிறகு உங்கள் மனைவி சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று எங்கும் இல்லை. உங்களுக்கே தெரியாதோ என்று தோன்றுகிறது.

நீங்கள் எடுத்து வீசிய வசனம் எபேசியர் 5:22. அதற்கு முந்தின வசனத்திலேயே பவுல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மனைவிக்குச் சொன்னதை மனைவி படிக்கட்டும். புருஷனுக்கு உரியது 25-ஆம் வசனத்தில் தொடங்குகிறது, அதுதான் நீளமான பகுதி. அதில் 29-ஐ நிதானமாகப் படியுங்கள்: "போஷித்துக் காப்பாற்றுகிறான்." போஷிப்பதில் உங்களிடம் குறையில்லை. காப்பாற்றுவது என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சூடு கொடுப்பது, அணைத்துப் பேணுவது என்று பொருள். 1 தெசலோனிக்கேயர் 2:7-இல் பால்கொடுக்கிறவள் தன் பிள்ளைகளைப் பேணுவதற்கும் அதே சொல்தான் வருகிறது. அம்மாவைப் பறிகொடுத்த பெண் உங்களிடம் கேட்பது அந்தச் சூட்டைத்தான். அதை வீட்டில் இருந்துதான் கொடுக்க முடியும்.

வீட்டை இழந்த பையனின் பயம் இன்னும் உங்களை விரட்டுகிறது. எனக்கு எழுதிய அந்தத் தோட்டத்துக் கதையை மனைவியிடம் எப்போதாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். ஆனால் முதலில் மன்னிப்பு. "வேத வசனத்தை வைத்து உன்னை அடித்துவிட்டேன், தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனால்" என்று எதையும் சேர்க்க வேண்டாம்.

வாரத்தில் இரண்டு இரவாவது வண்டியை எடுக்காதீர்கள். கடனுக்கு வழி இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் ஆலோசனை இலவசம், கிரெடிட் கார்டு பாக்கியைத் தவணையாக்கவும் உதவுவார்கள். அந்த இரண்டு இரவும் மனைவியைத் தன் அம்மாவைப் பற்றிப் பேசவிடுங்கள். காலையில் போன் போட்டு "பசியாறிட்டியா" என்று கேட்க இப்போது அவருக்கு யார் இருக்கிறார்கள்? அழுதால் தேற்ற அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கள். தூக்கமின்மை நீடித்தால் கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.

அப்புறம், அடுத்த சனிக்கிழமை இருவரும் தைப்பிங் கல்லறைக்குப் போய் வாருங்கள். அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் நீங்களும் நில்லுங்கள்.