இங்கிலாந்து ராணி முதலாம் மேரி: உங்க கேள்விகளுக்கு பதில்

அக்கா, ஸ்கூல்ல "பிளடி மேரி", அதாவது ரத்தக்கறை படிஞ்ச மேரின்னுதான் படிச்சோம். நீங்க ஏன் அவங்களுக்காகப் பேசறீங்க?

அவங்க பட்டதை யாரும் சொல்றதில்லையேப்பா, அதான். 1516ல பொறந்து 17 வயசு வரைக்கும் இளவரசியா வளந்தவங்க, 1533ல அப்பா எட்டாம் ஹென்றி ராஜா, ஆன் போலினைக் கட்டிக்கறதுக்காக அம்மா கேத்தரினோட கல்யாணமே செல்லாதுன்னு ஆக்கவும் பட்டமும் போச்சு, முறைதவறிப் பொறந்தவங்கற பேரும் வந்துச்சு, கைக்குழந்தை தங்கச்சி எலிசபெத் வீட்லயே போய் அடங்கி இருன்னு ஆர்டர் வேற. 1536 ஜனவரில அம்மா சாகக் கெடந்தப்பகூட பாக்க விடல. அதே ஜூன்ல, அம்மா கல்யாணம் செல்லாது, சர்ச்சுக்கு போப் இல்ல, அப்பாதான் தலைவர்னு மிரட்டி கையெழுத்து வாங்குனாங்க. பின்னாடி ராணியாகி நாட்டைக் கத்தோலிக்க மதத்துக்குக் கொண்டுபோய் போப்பைத் திரும்ப ஏத்துக்கிட்டது அவங்களுக்கு அம்மா மானத்தை மீட்கறதும்தான்.

அதுக்காக கத்தோலிக்கத்தை ஏத்துக்காத புராட்டஸ்டண்ட்காரங்க 280 பேரை எரிக்கலாமா?

கூடாது, அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். 1555 பிப்ரவரிலேருந்து அவங்க சாகற வரைக்கும் சுமார் 280 பேர், அதுல டெர்பில கண்ணு தெரியாத பொண்ணு ஜோன் வேஸ்ட்டும் உண்டு. எனக்கு ரொம்ப உறுத்தறது ஆர்ச்பிஷப் கிரான்மர் விஷயம். அம்மா கல்யாணத்தை செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னவரு அவரு, தன் கொள்கையெல்லாம் தப்புன்னு எழுதிக் குடுத்தா உயிர் தப்பறதுதான் வழக்கம், அவரு எழுதிக் குடுத்தும் விடல, 1556ல ஆக்ஸ்ஃபோர்டுல எரிச்சாங்க. அதுல பழைய காயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா ஹென்றியும் எரிச்சாரு, எலிசபெத் காலத்துல நூறு கத்தோலிக்க பாதிரியாருங்களுக்கு மேல கொன்னாங்க, ரத்தப் பட்டம் மட்டும் இவங்களுக்கு, ஏன்னா ஜெயிச்ச புராட்டஸ்டண்ட்காரங்கதானே வரலாறு எழுதுனாங்க.

1553ல மேரிக்குப் பதிலா ராணியாக்கப்பட்ட ஜேன் கிரேயைக் கொன்னது?

மொதல்ல உயிரோட விட்டாங்க. 1554ல மேரிக்கு எதிரா நடந்த வயட் கலகத்துல ஜேனோட அப்பாவே சேந்துக்கிட்டாரு, அப்புறம்தான் தண்டனைய நிறைவேத்துனாங்க. அந்தப் பொண்ணு அதுல எந்தத் தப்பும் பண்ணல, பாவம்.

பொய் கர்ப்பம்னு சொல்றாங்களே மேடம், நிஜமா?

நிஜம்தாங்க. 38 வயசுல ஸ்பெயின் இளவரசர் ஃபிலிப்பைக் கட்டிக்கிட்டாங்க, அவருக்கு 27. 1555ல பிரசவத்துக்குன்னு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைல அறைக்குள்ள போனவங்க, மாசக்கணக்கா காத்திருந்தும் குழந்தை வரல, ஊரே பேசுச்சு, கோடை முடியறதுக்குள்ள புருஷனும் கிளம்பிட்டாரு. 1557ல திரும்பி வந்தவரு பிரான்ஸ் சண்டைல இழுத்துவிட்டாரு, 1558 ஜனவரில பிரான்ஸ்ல இங்கிலாந்து கைல இருந்த கலே ஊரு கையவிட்டுப் போச்சு. அந்த நவம்பர் 17ல 42 வயசுல போய்ச் சேந்துட்டாங்க.

உருப்படியா என்னதான் பண்ணாங்க?

நெறைய. 1553ல லண்டன் பெரிய மனுஷங்க எல்லாம் ஜேன் பக்கம் நின்னப்ப ஃப்ராம்லிங்ஹாம் கோட்டைல ஆள் திரட்டி ஆட்சியப் புடிச்சாங்க, இங்கிலாந்துல பட்டாபிஷேகம் ஆகி தன் உரிமைல ஆண்ட மொத ராணி இவங்கதான். ராணிக்கும் ராஜாவுக்கு உள்ள அதே அதிகாரம்னு 1554ல சட்டமே போட்டாங்க. 1558ல சுங்க வரி ரேட்டையெல்லாம் ஏத்தி வச்சாங்க, அந்தக் காசு எலிசபெத் கஜானாவுக்குத்தான் போய்ச் சேந்துச்சு.