பழைய பைப்பா, புதிய பைப்பா?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை. செம்பனைக் குலை எடையை டிவிஷன் வாரியாகப் பிரித்துப் பார்க்க ஆர் என்ற புள்ளிவிவர நிரல்மொழி படிக்கிறேன். பாடத்தில் %>% போடுகிறார்கள், யூடியூபில் |> போடுகிறார்கள். மாற்றிப் போட்டால் சில இடத்தில் ஓடுகிறது, சில இடத்தில் எரர். இரண்டும் பைப் குறிதானே, ஒன்றில்லையா?
– வாசகி, பேராக்

பதில்: வேலை ஒன்றுதான், இடது பக்கம் இருப்பதை வலது பக்க ஃபங்ஷனுக்குள் முதல் ஆர்குமென்ட்டாக, அதாவது முதல் உள்ளீடாக, தள்ளுவது. ஆனால் %>% என்பது 2014-இல் வந்த மேக்ரிட்டர் என்ற கூடுதல் பேக்கேஜில் இருக்கும் ஒரு ஃபங்ஷன், அதனால் அந்தப் பேக்கேஜையோ, அந்தக் குறியைச் சேர்த்தே தரும் டிப்ளையர் பேக்கேஜையோ முதலில் ஏற்ற வேண்டும். |> அப்படியில்லை. 2021-இல் வந்த ஆர் 4.1.0-இலிருந்து அது மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. எடை |> சம்() என்று எழுதினால், ஓட்டுவதற்கு முன்பே, படிக்கும்போதே ஆர் அதை சம்(எடை), அதாவது எடையைக் கூட்டு, என்று மாற்றிவிடும்.

உங்கள் எரரில் பாதி இதனால்தான் இருக்கும். பழையது வெறும் சம் என்றாலும் புரிந்துகொள்ளும், புதியதுக்கு அடைப்புக்குறி கட்டாயம்.

மீதி, புள்ளி விஷயம். எல்எம் (lm, தரவுக்கு நேர்கோட்டு மாதிரி பொருத்துவது) போன்ற ஃபங்ஷனில் தரவு முதல் இடத்தில் வராது, அங்கே பழைய பைப்பில் தரவின் இடத்தில் புள்ளி வைப்போம், எத்தனை தடவை வேண்டுமானாலும். புதியதில் அதற்குப் பதில் அடிக்கோடு, அதுவும் 4.2.0-இல்தான் வந்தது. டேட்டா = _ என்று ஆர்குமென்ட் பெயரோடுதான் எழுத வேண்டும், ஒரு தடவைதான் வரலாம். இரண்டு இடத்தில் தேவையென்றால் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதி அதற்குள் அனுப்புங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

வேகத்தைப் பற்றி யாராவது சண்டை போட்டால் காதில் வாங்காதீர்கள், குலைக் கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆபீஸ் கணினியில் ஆர் எந்தப் பதிப்பு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், 4.1-க்கு முந்தியது என்றால் |> உள்ள ஃபைலை சோர்ஸ் செய்யும்போது, அதாவது மொத்தமாக ஓட்டும்போது, முதல் வரிகூட ஓடாது.

என்னைக் கேட்டால் புதிதாக எழுதுவதை |> வைத்தே எழுதுங்கள், ஏற்கெனவே ஓடுகிற ஸ்கிரிப்டைக் கிளறாதீர்கள். அப்புறம், ஆர்ஸ்டூடியோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பைப் தானாக விழும். பழையதே விழுந்தால் குளோபல் ஆப்ஷன்ஸில் கோட் பகுதிக்குப் போய், நேட்டிவ் பைப் என்ற இடத்தில் டிக் போடுங்கள்.